கங்காருவின் முட்டையும் மாப்பிள்ளை அறையும்

என் மகனுக்கு,

உன் திருமணச் சட்டையின் அளவை நீ இன்னும் அனுப்பவில்லை என்பதை முதலாவதாகப் பதிவு செய்கிறேன். தையற்காரர் உன் வாப்பாவைக் கடைவீதியில் மறித்து மறித்துக் கேட்கிறார். இரண்டாவதாக, உனக்கு நிச்சயித்திருக்கும் ஷமீமாவை உன்னுடன் ஆஸ்திரேலியாவுக்கு அனுப்புவார்களா மாட்டார்களா என்று சென்ற வாரம் தொலைபேசியில் நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நீ கேட்டு முடித்ததும் இணைப்பு அறுந்துபோயிற்று. அறுந்தது நல்லதாயிற்று, அன்று என்னிடம் விடை இல்லை. இன்று இருக்கிறது. ஆனால் அதை ஒற்றைச் சொல்லில் தந்துவிட எனக்கு மனமில்லை. அந்த விடைக்காக நான் ஒரு கோழிமுட்டையை உடைக்க வேண்டியிருந்தது; என் வாதத் திறமை மீது எனக்கிருந்த நம்பிக்கையும் கூடவே சற்று விரிசல் கண்டது. ஆகவே நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன். வெளிநாடு வாழும் நம் ஊர்ப் பிள்ளைகள் வெளியிடும் ஆண்டு மலருக்கு என்னிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். இக்கடிதத்தின் படியொன்றை அவர்களுக்குக் கொடுப்பதாக இருக்கிறேன். எனவே உனக்குத் தெரிந்தவற்றையும் தெரியாதவனுக்குச் சொல்வதுபோல் ஆங்காங்கே விளக்கினால் பொறுத்துக்கொள்.

காவிரியின் வாய்க்கால்கள் நெல்வயல்களுக்கெல்லாம் பாய்ந்துவிட்டு, மிஞ்சிய தண்ணீரோடு கடலை எட்டும் கடைமடையில் இருக்கிறது நம் ஊர். வடக்கே நெல், தெற்கே உப்பளமும் கடலும். நம்மவர்கள் இரண்டையும் முழுமையாக நம்பாமல் முதலில் கப்பலையும் பின்னர் விமானத்தையும் நம்பினார்கள். ஆண்கள் வளைகுடாவுக்குப் போவார்கள், விடுப்பில் வருவார்கள், மறுபடி போவார்கள். பெண்கள் எங்கும் போவதில்லை, திருமணமானாலும் போவதில்லை. மகள் பிறந்தால் அவளுக்கென்று ஒரு வீடு எழும்ப வேண்டும். மணமுடித்ததும் மாப்பிள்ளைதான் தன் பெட்டியோடு அந்த வீட்டுக்கு வந்து சேர்வார். வயல்சார்ந்த ஊர்க்காரர்களிடம் இதைச் சொன்னால் வியப்படைகிறார்கள். பேராவூரணியில் தென்னந்தோப்பு வைத்திருக்கும் உன் வாப்பாவின் நண்பர், "அப்ப உங்க ஊர்ல மாமியார் கொடுமையே கெடையாதா?" என்று கேட்டார். "இருக்குது, மாப்பிள்ளைக்கு" என்றார் உன் வாப்பா. மகனைப் பெற்ற நாங்கள் அவனை நான்கு தெரு தள்ளி அனுப்பிவைத்துப் பழகியவர்கள். மகளைப் பெற்றவர்களோ அவளை எங்கேயும் அனுப்பிப் பழகியதில்லை. இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்; பின்னால் பயன்படும்.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்டவள். ஆயினும் படிப்பிலிருந்து என்னை எவரும் நிறுத்த முடியவில்லை. உன் வாப்பா சவூதியிலிருந்து கொண்டுவரும் பால்மாவு டின்களில் ஒட்டியிருந்த தாள்களே என் முதல் ஆங்கிலப் பாடநூல். ஒரு பக்கம் அரபி, மறுபக்கம் ஆங்கிலம். அரபி எழுத்து ஓதிப் பழகியது, ஆங்கிலத்துக்கு ஓர் அகராதி வாங்கிக்கொண்டேன். 'புரோட்டீன்' என்ற சொல்லை நான் முதன்முதலில் எதிர்கொண்டது அந்த டின்னில்தான். நீ அப்போது இடுப்பில் இருந்தாய். அதே பாலைக் கரைத்து உனக்குப் புகட்டியபடியே அச்சொல்லின் பொருளைத் தேடினேன். அந்தப் பிள்ளை வளர்ந்து புரதங்களையே ஆராயப் போனான் என்பதைத் தற்செயல் என்று பிறர் சொல்லட்டும். நான் அதில் எனக்கொரு பங்கு கோருகிறேன்.

நீ என்ன ஆராய்கிறாய் என்பதை ஊருக்கு விளக்கும் பொறுப்பும் என்னிடமே வந்து சேர்ந்தது. உன் வாப்பா எல்லோரிடமும் "மிருகம் சம்பந்தமா" என்று மட்டும் சொல்லி வைத்ததன் விளைவை நீயே அனுபவித்தாய். சென்ற விடுப்பில் நீ வந்திறங்கிய மறுநாளே பக்கத்துத் தெருக்காரர் சினையாட்டை இழுத்துக்கொண்டு வாசலில் நின்றார். "தம்பி, கொஞ்சம் வயித்தத் தடவிப் பாருங்க, ஒண்ணா ரெண்டான்னு." நீ, "நான் மிருக டாக்டர் இல்லீங்க, நான் முட்டையோட மேலுறையில இருக்கற புரதத்தைப் படிக்கிறேன்" என்றாய். அவர் சற்று யோசித்துவிட்டு, "ஆடு முட்டை போடாதே தம்பி" என்று பரிவோடு சொல்லி, உன் படிப்பைக் குறித்துக் கவலைப்பட்டவராய் ஆட்டைத் திருப்பி ஓட்டிக்கொண்டு போனார். அன்றே முடிவு செய்தேன்: இந்தப் பாடத்தை முறையாக நானே கற்றுக்கொள்ள வேண்டும். பேருந்து நிலையத்து பிரவுசிங் சென்டரில் நீ அனுப்பும் மின்னஞ்சல்களை அச்செடுத்து, அகராதியோடு உட்கார்ந்தேன். புரியாததை உனக்கே திருப்பி எழுதினேன். நீ ஒருமுறையும் சலித்துக்கொள்ளவில்லை. அதற்காக உன்னை வளர்த்த பெண்மணியைப் பாராட்டுகிறேன்.

நான் புரிந்துகொண்டது இது, தவறிருந்தால் திருத்து. உடம்பிலுள்ள புரதங்களில் பல, தலைமுறை தலைமுறையாக மிக மெதுவாகவே மாறுகின்றன. ஆனால் ஆணின் அணுவும் பெண்ணின் முட்டையும் சந்திக்கும் இடத்தில் வேலை செய்யும் புரதங்கள் சில, மற்றவற்றைவிட விரைந்து மாறுகின்றன. ஏன் என்பதற்குப் பல விளக்கங்கள் உள; இன்னும் முடிவாகவில்லை. "இன்னும் முடிவாகவில்லை" என்று நீ எழுதியிருந்த வரியை நான் பலமுறை படித்தேன். தெரியாததைத் தெரியாது என்று எழுதக் கற்றவன் நன்றாகப் படித்திருக்கிறான். கங்காரு, கோலா, 'பாஸம்' என்னும் மரமேறி முதலான பைவிலங்குகளில் முட்டையுறைப் புரதங்கள் எவ்வாறு மாறிவந்தன என்பதை ஒப்பிட்டுப் பார்ப்பதே உன் வேலை. பள்ளிவாசல் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், "இதெல்லாம் ஆராயறது நமக்குத் தேவையா?" என்று கேட்டனுப்பினார். படைத்தவனின் கைவேலையை உற்றுப் பார்ப்பதும் ஒரு வணக்கமே என்று சொல்லியனுப்பினேன். மறுமொழி வரவில்லை, ஆனால் அவருடைய பேரன் இப்போது உயிரியல் படிக்கிறான்.

இனி, சம்பந்தம் பேசிய கதை. பெண்ணின் உம்மா சபுராவும் நானும் ஒருவரையொருவர் திருமண விருந்துகளில் பார்த்துப் புன்னகைத்துக்கொண்ட அளவிலேயே அறிந்தவர்கள். பேச்சு இரண்டு அமர்வுகளில் முடிந்தது. என்ன சாப்பாடு, எந்த மண்டபம், திருமண ஒப்பந்த ஓலை எழுதுவது யார் என்பதெல்லாம் விரிவாகப் பேசப்பட்டன. பெண் எங்கே வாழ்வாள் என்பதை மட்டும் ஒருவரும் பேசவில்லை. நம் ஊரில் அப்படியொரு கேள்வியே கிடையாது, மகனே. சூரியன் எந்தப் பக்கம் உதிக்கும் என்று எவரும் கேட்டு உறுதிசெய்துகொள்வதில்லை. நீ அவளை அழைத்துப்போவாய் என்று எனக்குத் தெரியும். ஆதலால் அவர்களுக்கும் தெரியும் என்று நான் எண்ணினேன். மாப்பிள்ளை வீட்டோடு வருவார், விடுப்புக்கு விடுப்பு வந்து போவார் என்று அவர்களுக்குத் தெரியும்; ஆதலால் எனக்கும் தெரியும் என்று அவர்கள் எண்ணினார்கள். இரு தரப்பும் ஒரே தட்டிலிருந்து இனிப்பை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, வெவ்வேறு திருமணங்களை நிச்சயம் செய்துவிட்டு எழுந்தோம்.

அது வெளிப்பட்டது மாடியில். அழைப்பிதழ் அச்சுக்குப் போகுமுன் பெயர்களைச் சரிபார்க்க நான் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தேன். சபுரா, "லாத்தா, மொதல்ல மேல வாங்க, ஒண்ணு காட்டணும்" என்று அக்கா முறை சொல்லி என் கையைப் பிடித்து அழைத்துப்போனார். புதிதாகச் சுண்ணம் பூசிய அறை. வெளிர்நீலம், உனக்கு அந்த நிறம் பிடிக்கும் என்று எங்கிருந்தோ விசாரித்திருக்கிறார். தேக்குக் கட்டில், ஆளுயரக் கண்ணாடி, எழுத ஒரு மேசை.

"மாப்புள்ளைக்கு எழுதற வேல இருக்கும்ல, அதான் மேச. அங்க குளிர் நாடாமே, வந்து வெயில் தாங்குவாரோ மாட்டாரோன்னு ஏ.சி.யும் போட்டாச்சு. ஷமீமா வாப்பா துபாய்லேர்ந்து போன்ல சொல்லிச் சொல்லி மாட்டுனது" என்றார். பிளாஸ்டிக் உறை கூடப் பிரிக்காமல் சுவரில் இருந்தது அது.

நான் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தேன். அந்த வீடு ஷமீமா பிறந்த ஆண்டு தொடங்கி, வாப்பா வரும் ஒவ்வொரு விடுப்புக்கும் ஒவ்வோர் அறையாக எழும்பியது என்பதை ஊரே அறியும். கடைசியாக எழும்பிய அறையில் நான் உட்கார்ந்திருந்தேன்.

"சபுரா," என்றேன், "அவன் ஷமீமாவையும் கூட்டிக்கிட்டுப் போறதா இருக்கான்."

"விசிட்டுக்குத்தானே? போயிட்டு வரட்டும், ஊரு பாத்தாப்புல இருக்கும்."

"விசிட்டுக்கு இல்ல. இருக்கறதுக்கு."

சபுரா கண்ணாடியில் ஒட்டியிருந்த கம்பெனித் தாளை நகத்தால் சுரண்டத் தொடங்கினார். முழுவதும் சுரண்டி முடித்த பிறகு, "எங்க தெருவுல பொண்ணு வீட்ட விட்டுப் போனதே இல்ல லாத்தா" என்றார். குரல் உயரவே இல்லை. கீழே வந்து எனக்குத் தேநீர் கொடுத்தார். அழைப்பிதழை மட்டும் கையில் எடுக்கவில்லை. "அச்சுக்குக் குடுக்கறது கொஞ்சம் பொறுக்கட்டும்" என்றார். நீ தொலைபேசியில் கேட்டது இதற்கு மறுநாள்.

உன் வாப்பாவிடம் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்துவைத்துவிட்டு, "நான் கல்யாணமாகி உங்க வீட்டுக்கு வந்தன்னிக்கு எங்க உம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? நாலு தெருதான். ஆனா எனக்குப் புடிச்ச பாய மட்டும் குடுத்தனுப்ப மாட்டேன்னுட்டாங்க, நான் அங்க வந்து படுக்கணும்னு" என்றார். பிறகு, "சபுராவுக்குப் பாய் வேணும். நீ பாடம் நடத்தாம அதக் குடு" என்றார். என் கணவர் குறைவாகப் பேசுவார். பேசுவதில் பெரும்பகுதி சரியாகவும் இருக்கும். நான் அந்த அறிவுரையின் முதற்பாதியைக் கேட்கவில்லை. பாடம் நடத்தாமல் ஒரு கருத்தை எடுத்துரைப்பது எவ்வாறு என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

ஆகவே மூன்றாம் நாள் போனேன். சபுராவின் சமையலறையிலேயே ஒரு கோழிமுட்டை கேட்டு வாங்கி, வெள்ளைக் கிண்ணத்தில் உடைத்து ஊற்றினேன். ஷமீமா அடுப்பருகே நின்று வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் முக்காட்டைச் சரிசெய்துகொண்டாளே தவிர, உள்ளே போய்விடவில்லை. ஓட்டைக் காட்டினேன், வெள்ளைக்கருவைக் காட்டினேன், மஞ்சள் கருவைச் சுற்றி, கண்ணுக்கே தெரியாமல் ஒரு மெல்லிய தோல் இருப்பதை ஊசியால் தொட்டுக் காட்டினேன். குத்தியதும் மஞ்சள் வழிந்தது.

"இந்தத் தோல் மாதிரி ஒண்ணுல இருக்கற புரதம் எப்படி மாறி வந்துச்சுங்கறதுதான் உங்க மாப்பிள்ளையோட படிப்பு" என்றேன்.

"இதுக்கா ஆஸ்திரேலியா போனாரு?" என்றார் சபுரா. "நம்ம வீட்ல தெனம் ஒடைக்கிறோமே."

"கங்காருவுக்கும் இப்படி முட்டை இருக்கு. வெளியில போடாது, வயித்துக்குள்ளேயே இருக்கும். கடுகைவிடச் சின்னது. அதுக்கும் இதே மாதிரி ஒரு தோல். அதுக்கு மேல வழவழன்னு ஒரு சுத்து. அதுக்கும் மேல மெல்லிசா ஒரு ஓடு."

"போடாத முட்டைக்கு எதுக்கு ஓடு?"

இந்தக் கேள்வியையே நான் உனக்கு எழுதினேன், நினைவிருக்கிறதா? சபுரா ஒரு நொடியில் அதை அடைந்ததைக் கண்டு எனக்குச் சிறிது பொறாமை ஏற்பட்டது. "அதோட முன்னோர்கள் முட்டை போட்டவங்க" என்றேன். "காலப்போக்குல வெளியில போடறத விட்டாச்சு. ஆனா ஓடு செய்யற பழக்கத்த முழுசா விடல. மெல்லிசாக்கி உள்ளேயே வெச்சிருக்கு. ஒரு பழக்கத்த மாத்தறதுன்னா, எல்லாத்தையும் ஒரே நாள்ல தூக்கிப் போடறதில்ல சபுரா. வேணுங்கறத மெல்லிசா வெச்சுக்கலாம்." சொல்லி முடித்ததும் இது மிக அழகான வாதம் என்று எனக்கே தோன்றியது. வீட்டில் இரண்டு முறை ஒத்திகை பார்த்திருந்தேன்.

சபுரா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்பறம் அந்த ஓடு என்னாகும்?"

உண்மையை மறைக்க எனக்குத் தெரியாது. "கொஞ்ச காலம் இருந்துட்டு உள்ளேயே உடைஞ்சிடும். அதுக்கப்பறம்தான் கரு தாயோட வயித்துல ஒட்டும்."

"அப்ப," என்றார் சபுரா நிதானமாக, "எம் பொண்ணு உங்க பக்கம் ஒட்டணும்னா எங்க வீடு ஒடையணும். அதானே லாத்தா சொல்ல வர்றீங்க?"

மகனே, ஒப்புமை ஒன்றை எடுத்தாள்பவர் அதன் வால் வரைக்கும் பொறுப்பேற்க வேண்டும் என்பதை அன்று கற்றேன். உன் ஆய்வுக் கட்டுரையிலும் இதை நினைவில் கொள்.

அப்போது ஷமீமா கத்தியை வைத்துவிட்டு வந்து கிண்ணத்தை எடுத்தாள். "வீடு ஒண்ணும் ஒடையல உம்மா. முட்டதான் ஒடஞ்சிருக்கு. வெங்காயம் போட்டு ஊத்தித் தர்றேன், ரெண்டு பேரும் சாப்பிடுங்க" என்றாள். சபுராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும்தான். முட்டை கல்லில் வேகும்போது, அவள் எங்களுக்கு முதுகு காட்டியபடியே பேசினாள். முகம் பார்த்துப் பேசுவதைவிட அது அவளுக்கு எளிதாக இருந்திருக்க வேண்டும்.

"என்னய யாரும் கேக்கல."

"கேக்கறோம். சொல்லு" என்றார் சபுரா.

"எனக்குப் போகணும். போயி மேல படிக்கணும். திரும்பி இங்க வரணும், அதுவும் வேணும். ரெண்டையும் சேத்துதான் சொல்றேன், ஒண்ண எடுத்துட்டு ஒண்ண விட்டுராதீங்க." பிறகு என்னிடம் திரும்பி, "மாமி, முட்டைல இருக்கற புரதம் மாறுதுன்னீங்கன்னா, அதுகிட்ட வர்ற அணுவுல இருக்கறதும் மாறணும்ல? இல்லாட்டி எப்படிப் பொருந்தும்?" என்று கேட்டாள்.

"மாறணும். மாறாட்டி பொருந்தாது" என்றேன்.

"அப்ப ரெண்டு பக்கமும் மாறணும்" என்றாள் அவள், முட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே. அணுவைப் பற்றிப் பேசினாளா, நம்மைப் பற்றிப் பேசினாளா என்று நான் கேட்கவில்லை. அவள் பட்டப்படிப்பில் தாவரவியல் படித்தவள் என்பது தெரியும். இவ்வளவு நன்றாகப் படித்தவள் என்பது அன்றுதான் தெரிந்தது. உனக்கு நான் தேர்ந்தெடுத்த பெண் என்பதை இவ்விடத்தில் அழுத்தமாக நினைவூட்டுகிறேன்.

நாங்கள் சாப்பிட்டோம். சபுரா கையைக் கழுவி வந்து உட்கார்ந்து, எதிர்பாராத இடத்திலிருந்து தொடங்கினார். "டி.வி.யில நானும் கங்காருவப் பாத்துருக்கேன் லாத்தா. நீங்க மட்டும்தான் பாத்தீங்கன்னு நெனைக்காதீங்க. குட்டி நல்லா வளந்துருது, வெளியில குதிச்சுத் திரியுது, புல்லுகூட மேயிது. ஆனா பால் குடிக்கணும்னா ஓடி வந்து தலைய மட்டும் அந்தப் பைக்குள்ள விடுது. ஒடம்பு வெளியில, தல உள்ள. தாயி ஒண்ணுஞ் சொல்ல மாட்டேங்குது, நின்னு குடுக்குது."

"ஆமா," என்றேன். என்னால் அடக்க முடியவில்லை, தொடர்ந்தேன். "அதே சமயத்துல உள்ள பச்சக்குட்டி ஒண்ணு வேற காம்புல தொங்கிக்கிட்டிருக்கும். ரெண்டுக்கும் ஒரே பால் இல்ல. பச்சக்குட்டிக்கு ஒரு பால், வெளிய போய்ட்டு வர்றதுக்கு வேற பால். ஒரே தாயி, ஒரே நேரத்துல, ரெண்டும் குடுக்கும்."

சபுரா நிமிர்ந்தார். "ரெண்டு பாலா? ஒரே ஒடம்புலயா? எதுக்கு எதுன்னு அதுக்கு யாரு சொல்லிக் குடுத்தா?"

"அதைத்தான் தேடிக்கிட்டிருக்காங்க, அங்க."

"வெளிய போற புள்ளைக்குன்னு தனியா ஒரு பாலு" என்று அவர் தனக்குள் ஒருமுறை சொல்லிக்கொண்டார். அதன் பிறகு என்ன நிகழ்ந்தது என்று எனக்கு உறுதியாகத் தெரியாது. என் வாதம் வென்றதா, அவர் மகள் வென்றாளா, கங்காரு வென்றதா என்று தீர்ப்புக் கூற மாட்டேன். எழுந்து போய் அழைப்பிதழ்த் தாளை எடுத்துவந்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பெயர்களைச் சரிபார்க்கத் தொடங்கினார். உன் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினார்.

ஆகவே, விடை: அனுப்புவார்கள். ஆனால் தலை உள்ளே வர வேண்டும். அதன் விளக்கம் பின்வருமாறு. இவை சபுராவின் சொற்கள், நான் எழுத்துத் தமிழில் தருகிறேன். விடுப்பில் வரும்போது விமானத்திலிருந்து இறங்கி நேரே அந்த வீட்டுக்குத்தான் வர வேண்டும்; நம் வீட்டுக்கு மறுநாள். முதற்பிள்ளைப்பேறு அந்த அறையில். மருத்துவமனை வேண்டுமென்றால் மருத்துவமனையிலிருந்து நேரே அந்த அறைக்கு. ஷமீமா அங்கே படிக்க வேண்டும். இதை அவர் தானாகவே சேர்த்தார். இறுதியாக, மாப்பிள்ளை அவருக்குத் தனியே கடிதம் எழுத வேண்டும். "உங்களுக்கு வர்றத நீங்க படிச்சுக் காட்ட வேணாம் லாத்தா," என்றார். "நீங்க பாதி உங்க சரக்கச் சேத்துர்றீங்க." இக்குற்றச்சாட்டை நான் மறுக்கிறேன், எனினும் நீ அவருக்குத் தனியே எழுது. தமிழில், பெரிய எழுத்தில், அந்த முட்டைத் தோலைப் பற்றித் தொடங்கு. அவருடைய கேள்விகளுக்கு நீ திணறப்போகிறாய் என்று எதிர்பார்க்கிறேன்.

இப்போது நான் சொல்ல வேண்டியவை. நம் இரு வீடுகளும் இடறியது பகையால் அல்ல. எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்ட ஒரு கேள்வியால். உன் இல்வாழ்க்கையில் தெரிந்ததுதானே என்று தோன்றும்போதெல்லாம் ஒருமுறை வாய்திறந்து கேட்டுவிடு. யார் சமைப்பது, எவ்வளவு நேரம் ஆய்வகத்தில் இருப்பாய், அவளுக்கு ஊர் நினைவு வந்தால் என்ன செய்வது, எல்லாவற்றையும் கேள். அங்கே அவளுக்கு நாத்தனார் கிடையாது, பக்கத்து மாடி கிடையாது, மாலையில் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேச எவரும் இல்லை. தொடக்கத்தில் நீ ஒருவனே ஒரு தெருவாக இருக்க வேண்டும். மீன் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாயா? இல்லையெனில் இந்த மாதத்துக்குள் கற்றுக்கொள். அவள்தான் போகிறாள், அவள்தான் மாறுவாள் என்று இருந்துவிடாதே. உன் புரதங்கள் ஒருதலையாக மாறுவதில்லை. ஒன்று அசைந்தால் எதிரிலிருப்பது தன்னைத் திருத்திக்கொள்கிறது, அதைக் கண்டு முதலாவது மறுபடி அசைகிறது. இதைப் படித்த அன்று உன் வாப்பாவை நிமிர்ந்து பார்த்தேன். அவர் தேநீரில் சர்க்கரையைக் குறைத்தது என்னால். நான் மாலையில் வானொலியைச் சத்தமாக வைக்கப் பழகியது அவரால். யார் முதலில் மாறினோம் என்று இருவருக்கும் நினைவில்லை.

அடுத்த செய்தி உன் படியில் மட்டும் இருக்கிறது. இக்கடிதத்தைச் சபுராவிடம் வாசித்துக்காட்டி அனுமதி பெற்றபோது, இந்தப் பத்தியை மட்டும் மலரில் போட வேண்டாம் என்று முகத்தை மூடிக்கொண்டு சொன்னார். அமெரிக்கக் கண்டத்துப் பைவிலங்குகள் சிலவற்றில் ஆணின் அணுக்கள் தனித்தனியே நீந்துவதில்லை, இரண்டிரண்டாகத் தலை சேர்த்து நீந்துகின்றன என்று நீ எழுதியிருந்தாய். பிரித்துவிட்டால் தனி அணு நேரே போக மாட்டாமல் வட்டமிட்டுக்கொண்டே இருக்குமாம். அறிவியலில் வெட்கத்துக்கு இடமில்லை, ஆகையால் சொல்கிறேன். உன் வாப்பா முதன்முதலில் சவூதிக்குப் போய்த் தனியே இருந்த காலத்தில் ஒலிநாடாவில் பேசி அனுப்புவார். அதில் பாதி, கடைத்தெருவில் வழி தவறிச் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்த கதைகளாகவே இருக்கும். நம் ஊர் ஆண்கள் பலர் அப்படித்தான் வாழ்ந்தார்கள். அது அவர்கள் குற்றமும் அல்ல, எங்கள் குற்றமும் அல்ல. உனக்கு அது வேண்டியதில்லை என்று ஒரு பெண் தன் வீட்டு வாசலைத் தாண்டுகிறாள். அதன் எடை உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

மகனைப் பெற்ற நாள் முதல் உன்னை அனுப்பிவைக்க நான் ஆயத்தமாகவே இருந்தேன். நான்கு தெரு என்று எண்ணியிருந்தேன், கடல் தாண்டிற்று. எனினும் எனக்குப் பயிற்சி உண்டு. சபுராவுக்குப் பயிற்சி இல்லை. அவர் தெருவிலேயே அவர்தான் முதலாமவர். அதனால் அவரைத் தனியே விட மனமின்றி, நேற்றுப் பகல் மறுபடி போனேன். இருவரும் மாடிக்குப் போய், உனக்காக மாட்டிய ஏ.சி.யின் பிளாஸ்டிக் உறையைப் பிரித்தோம். "மாப்புள்ள வர்றதுக்கு முன்னாடி போட்டா நல்லாருக்குமா லாத்தா?" என்று ஒருமுறை தயங்கினார். வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டாமா என்றேன். பார்த்தோம். நீ எழுத வேண்டிய மேசையில் நான் உட்கார்ந்து இக்கடிதத்தின் பெரும்பகுதியை எழுதினேன். நீ படுக்க வேண்டிய கட்டிலில் சபுரா சாய்ந்துகொண்டு, ஆஸ்திரேலியா நேரப்படி இப்போது அங்கே மணி என்ன என்று கேட்டுக்கொண்டிருந்தார். நீங்கள் இருவரும் போன பிறகும் பகலில் இங்கேயே சந்திப்பதென்று முடிவாகியிருக்கிறது. அந்த அறையைக் குறித்து நீ கவலைப்பட வேண்டாம். நன்றாகக் குளிர்கிறது.

சட்டையின் அளவை அனுப்பு.

நீடித்த துஆக்களுடன்,
உன் உம்மா